31 வயதுப் புதுமுகம்

மைக்கேல் ஜோர்டன் பேஸ்பால் ஆடப் போன கதையை இரண்டு விதமாகத்தான் சொல்லக் கேட்டிருக்கிறேன். கூடைப்பந்தில் கொடிகட்டிப் பறந்தவர் தெரியாத தொழிலில் கைவைத்து மூக்குடைபட்டார் என்பது ஒன்று. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் அங்கேயும் ஜெயித்திருப்பார் என்பது மற்றொன்று. முதல் கட்சிக்காரர்கள் .202 என்ற அவருடைய அடிச் சராசரியைத் தூக்கிக் காட்டுவார்கள். இரண்டாம் கட்சிக்காரர்கள் அவருடைய மேனேஜராக இருந்த டெர்ரி ஃபிராங்கோனாவைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 2020-இல் ‘தி லாஸ்ட் டான்ஸ்’ ஆவணத் தொடர் வந்தபிறகு இரண்டாம் கட்சிக்கு ஆள் கூடிவிட்டது. தொடரைப் பார்த்து முடித்த இரவில் நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். மறுநாள் 1994-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அந்த உற்சாகம் பாதி வடிந்தது. முழுவதும் வடியவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

முகத்தை மறந்துவிடுவோம். சட்டையில் 45 என்ற எண் மட்டும் தெரிகிறது. ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், கம்பிவலையை ஒட்டி, ஸ்டாப்வாட்சும் குறிப்பேடுமாக உட்கார்ந்து ஆட்டக்காரர்களை எடைபோடும் ஒரு ஸ்கவுட், இந்த அவுட்ஃபீல்டரைப் பற்றி என்ன எழுதித் தலைமையிடத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும்? கேள்வி அவ்வளவுதான்.

பின்னணி சுருக்கமாக. 1993 ஜூலையில் தந்தை ஜேம்ஸ் ஜோர்டன் கொல்லப்பட்டார். மகன் பேஸ்பால் ஆட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அக்டோபரில் மகன் கூடைப்பந்திலிருந்து ஓய்வு அறிவித்தார். 1994 பிப்ரவரி 7 அன்று சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியோடு மைனர் லீக் ஒப்பந்தம் போட்டார். அவருடைய கூடைப்பந்து அணியான புல்ஸுக்கும் ஒயிட் சாக்ஸுக்கும் முதலாளி ஒருவரே, ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப். ஜோர்டனை அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் பாரன்ஸ் அணிக்கு அனுப்பினார்கள். சதர்ன் லீக், டபுள்-ஏ நிலை.

அந்த நிலை என்ன என்று தெரியாமல் .202-ஐப் படிக்கக் கூடாது. மேஜர் லீக்குக்குக் கீழே ட்ரிபிள்-ஏ, அதற்குக் கீழே டபுள்-ஏ. அதற்கும் கீழே சிங்கிள்-ஏ, ரூக்கி லீக் என்று பல படிகள். பள்ளியையோ கல்லூரியையோ முடித்து வரும் பையன் அந்தக் கீழ்ப்படிகளில்தான் தொடங்குவான். கீழ்ப்படிகளில் பந்தை வேகமாக எறிந்தால் போதும். டபுள்-ஏ பிட்ச்சர் வேகமாகவும் எறிவான், நினைத்த மூலையிலும் எறிவான், போதாக்குறைக்கு வளைந்து விழும் பந்தொன்றையும் கையில் வைத்திருப்பான். தேறுகிறவனையும் தேறாதவனையும் பிரிக்கும் சல்லடை இதுதான் என்பது அந்த வட்டாரத்தில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் சங்கதி. வட கரோலினாவின் வில்மிங்டனில் 1981-இல் பள்ளி அணிக்காக ஆடியதற்குப் பிறகு மட்டையைத் தொடாத ஒருவரை நேராக இந்தச் சல்லடையில் போட்டார்கள். பதின்மூன்று வருட இடைவெளி.

இனி கணக்கு. 127 ஆட்டம். 436 அடிவாய்ப்பில் 88 ஹிட். அதாவது ஆயிரத்துக்கு 202. அங்கே சராசரி என்பது கிரிக்கெட்டில் சொல்லும் ரன் சராசரி அல்ல, அடிவாய்ப்புகளில் எத்தனை பங்கு, அடித்துவிட்டுப் பேஸை எட்டும் ஹிட் ஆனது என்பது. .250, .260 அடித்தால் சுமார், .300 அடித்தால் கெட்டிக்காரன். .202 என்றால் சாதாரணமாக மூட்டையைக் கட்டச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் ஸ்கவுட் சராசரியைப் படிப்பதற்காகச் சம்பளம் வாங்குவதில்லை. அதை எந்தப் பத்திரிகையிலும் படிக்கலாம். அவர் ஐந்து விஷயங்களைத் தனித்தனியாகப் பார்த்து எடை போடுவார்: பந்தை மட்டையில் வாங்குவது, தூரம் அனுப்புவது, ஓடுவது, பிடிப்பது, எறிவது. ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. 20 என்றால் வேறு வேலை பார்க்கலாம்.

முதலாவதில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் அங்கேயே கொஞ்சம் தங்குவோம். ஜோர்டன் ஆறடி ஆறங்குலம். முழங்கால் தொடங்கி நெஞ்சுவரை நீளும் அந்த உடம்பு பிட்ச்சருக்கு ஒரு கதவின் உயரத்துக்குக் குறி காட்டுகிறது. கைகள் நீளம். நீளமான கை கூடைப்பந்தில் வரம், இங்கே வினை. மட்டை தோளிலிருந்து கிளம்பிப் பந்து வரும் பாதையைத் தொடுவதற்குள் நீண்ட சுற்றுச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து கையைவிட்டுப் பிளேட்டை அடைய அரை நொடிகூட ஆகாது. அதில் பாதி நேரம் பந்து என்ன ரகம் என்று கண்டுபிடிப்பதிலேயே போய்விடும். சுற்று நீண்டவன் முன்கூட்டியே முடிவெடுத்தாக வேண்டும். முன்கூட்டியே முடிவெடுப்பவன் வளைபந்தில் மாட்டுவான்.

ஏப்ரலில் நடந்ததும் மே மாதத்தில் நடந்ததும் இதற்கு நல்ல பாடம். சீசன் தொடக்கத்தில் ஜோர்டன் தொடர்ந்து 13 ஆட்டங்களில் ஹிட் அடித்தார். சராசரி .300-ஐத் தாண்டியது. அவர்மீது பிட்ச்சர்கள் வேகப்பந்தாகவே எறிந்துகொண்டிருந்தார்கள்; உலகம் அறிந்த ஒரு மனிதரை நேருக்கு நேர் வேகத்தில் வீழ்த்த வேண்டும் என்ற இளவயது ஆசையும் அதில் இருந்திருக்கும். பிறகு அவர்களுக்குப் புத்தி வந்தது. வேகப்பந்தைக் குறைத்து வளைபந்தை இறக்கினார்கள். சராசரி மளமளவென்று சரிந்தது. சீசன் முடிவில் 114 ஸ்ட்ரைக்அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே அவுட்.

இந்த 114-ஐத்தான் கேலி செய்பவர்கள் அதிகம் சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிய குற்றமாகப் படவில்லை. அடிவாய்ப்புக் கணக்கில் சேராத வாக் முதலியவற்றையும் கூட்டினால், மொத்தம் 497 முறை மட்டையோடு நின்றார். அதில் 114 என்றால் நூற்றுக்கு 23. 1994-க்கு அது அதிகம்தான், இன்றைய மேஜர் லீக்கில் கிட்டத்தட்ட சராசரி. அதே 497-இல் 51 முறை, குறிக்கு வெளியே வந்த பந்துகளைத் தொடாமல் விட்டு வாக் வாங்கி, அடிக்காமலே முதல் பேஸுக்குப் போயிருக்கிறார். நூற்றுக்குப் பத்து. பதின்மூன்று வருடம் மட்டை தொடாதவன் பதறுவான், கண்டதையெல்லாம் வீசுவான் என்றுதான் எதிர்பார்ப்போம். இவர் பொறுத்து நின்றிருக்கிறார். கண் நன்றாக இருக்கிறது, பந்தை இனம் காணவும் தெரிகிறது. ஸ்கவுட்டின் குறிப்பேட்டில் அடிக்கோடிட வேண்டிய ஒரே வரி இதுதான் என்பேன்.

ஆனால் அடுத்த கணக்கு அந்த அடிக்கோட்டைப் பாதி அழித்துவிடுகிறது. ஸ்ட்ரைக்அவுட்களையும் ஹோம் ரன்களையும் கழித்துவிட்டு, மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆயின என்று பார்த்தால், 319-க்கு 85. அதாவது .266. பொதுவாக இது .300-ஐ ஒட்டி இருக்கும். வேகமாக ஓடுகிறவனுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், தரையோடு உருளும் பந்திலும் ஓடியே முதல் பேஸைப் பிடித்துவிடலாம் என்பதால். ஜோர்டன் போல ஓடுகிறவருக்கு .266 என்றால் மட்டையில் பட்ட பந்து பலமாகப் படவில்லை என்று அர்த்தம். துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாமா? தள்ளிப் பார்ப்போம். .300 என்ற வழக்கமான விகிதத்தைத் தூக்கிக் கொடுத்தாலும் கூடுதலாகப் பத்துப் பன்னிரண்டு ஹிட்தான் சேரும். சராசரி .230 பக்கம் போய் நிற்கும். அதிர்ஷ்ட தேவதை முழுமனதோடு வந்து பக்கத்தில் நின்றாலும் .230.

பவரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 17 டபுள் (இரண்டு பேஸ்), 1 ட்ரிபிள் (மூன்று), 3 ஹோம் ரன் (நான்கு). ஹிட் அத்தனைக்கும் கிடைத்த பேஸ்களைக் கூட்டினால் 116. அதை அடிவாய்ப்பால் வகுத்தால் ஸ்லக்கிங் .266. ஜோர்டனைப் போல ரைட் ஃபீல்டில் நிற்பவனிடம் எந்த அணியும் எதிர்பார்ப்பது அடியைத்தான். அந்த உயரத்துக்கும் தோளுக்கும் இது வெறும் தூசு. ஆனால் ஒரு சின்னக் குறிப்பு உண்டு. முதல் ஹோம் ரன் வந்தது ஜூலை 30 அன்று, கரோலினா மட்கேட்ஸ் அணிக்கு எதிராக. மறுநாள் அப்பாவின் பிறந்தநாள். பேஸ்களைச் சுற்றி வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டபோது வானத்தை விரலால் காட்டினார். கதை சொல்பவர்கள் அந்த விரலோடு நிறுத்திவிடுவார்கள். ஸ்கவுட் தேதியைப் பார்ப்பார். ஏப்ரல் 8-இல் தொடங்கிய சீசனில் ஜூலை கடைசிவரை ஒன்றுமில்லை, மூன்றும் எஞ்சிய சில வாரங்களில் வந்தவை. ஏதோ நகர்ந்திருக்கிறது. விடிகாலையிலேயே மைதானத்துக்கு வந்து, உள்ளங்கை கொப்புளித்துத் தோல் உரியும்வரை பயிற்சி எடுத்தார் என்று உடனிருந்தவர்கள் சொன்னதற்குக் கணக்கில் கிடைக்கும் சாட்சி அதுதான்.

இன்னொரு எண்ணைச் சொல்லி மயங்குகிறவர்களும் உண்டு: அவர் கொண்டுவந்த ரன்கள் 51. .202 அடித்தவன் 51 ரன் கொண்டுவருவது பெரிது என்று வாதம். ஹோம் ரன் தவிர, முன்னால் பேஸில் ஆள் நின்றால்தான் கொண்டுவர முடியும், அந்த ஆளை நிறுத்தியது சகாக்களின் மட்டை. இதை நான் எடையில் சேர்க்கவில்லை.

ஓட்டத்துக்கு வருவோம். பிட்ச்சர் பந்து எறியும் நேரத்தில் ஓடி 30 பேஸ் திருடினார். கேட்க அழகாக இருக்கிறது. 18 முறை பிடிபட்டார். 48-க்கு 30, நூற்றுக்கு அறுபத்திரண்டரை. பேஸ் திருட்டில் கிடைக்கும் லாபத்தைவிடப் பிடிபட்டால் போகும் அவுட்டின் விலை அதிகம். நூற்றுக்கு எழுபதாவது தேறாவிட்டால் சும்மா நிற்பதே அணிக்கு நல்லது. ஆக இந்த முப்பதும் சேர்ந்து பாரன்ஸுக்கு நஷ்டக் கணக்கு. கால் வேகத்தில் குறையில்லை. பிட்ச்சரின் முன்னங்கால் எப்போது உயர்கிறது, தோள் எந்தப் பக்கம் திறக்கிறது, இவன் பிளேட்டுக்கு எறியப் போகிறானா அல்லது நம்மைப் பிடிக்க முதல் பேஸுக்கு எறியப் போகிறானா என்று படிக்கும் பழக்கம் இல்லை. அது ஆயிரக்கணக்கான பிட்ச்சர் அசைவுகளைப் பார்த்துச் சேர்வது. பதினெட்டு வயதில் தொடங்கியவனுக்கு இருபத்திரண்டில் இரத்தத்தில் ஊறியிருக்கும்.

ஃபீல்டிங்கும் அதே கதை, அதனால் ஒரே வரி: 11 பிழை, ஓர் அவுட்ஃபீல்டருக்கு மிக அதிகம். எறிதலில் குறிப்பிட ஒன்றுமில்லை.

சீசன் முடிந்ததும் அரிசோனா ஃபால் லீக்கில் ஸ்காட்ஸ்டேல் ஸ்கார்பியன்ஸ் அணிக்கு ஆடி .252 எடுத்தார். ஒவ்வோர் அணியும் தன்னுடைய தேர்ந்த பையன்களை அனுப்பும் இடம் அது. இரண்டாம் கட்சிக்காரர்களின் பிரம்மாஸ்திரம் இந்த .252. ஏறுமுகம் என்பார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் அது நூற்றிருபது சொச்சம் அடிவாய்ப்பில் வந்த எண். அதில் ஐந்தே ஐந்து ஹிட் குறைந்திருந்தால் .211. பந்து இரண்டடி தள்ளி விழுவதில் முடிந்துபோகும் வித்தியாசம். தவிர, அந்த உலர்ந்த பாலைவனக் காற்றில் பேட்டர்களுக்கு எப்போதுமே நல்ல காலம்.

இப்போது ஃபிராங்கோனாவின் சாட்சியம். இன்னும் ஆயிரம் அடிவாய்ப்பு கிடைத்திருந்தால் ஜோர்டன் மேஜர் லீக்கை எட்டியிருப்பார் என்று அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். இதை யாரோ ஒரு ரசிகர் சொன்னதாக ஒதுக்கிவிட முடியாது. பாஸ்டன் ரெட் சாக்ஸை 2004-லும் 2007-லும் வேர்ல்ட் சீரிஸ் ஜெயிக்க வைத்தவர், ஆள் பார்க்கத் தெரிந்தவர், ஜோர்டனை நாள்தோறும் பக்கத்திலிருந்து பார்த்தவர். ஆனால் பக்கத்திலிருந்து பார்ப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. உழைப்பைப் பார்த்துப் பார்த்து மனம் இளகிவிடும். உழைப்புக்கு மதிப்பெண் கட்டம் கிடையாது.

ஒப்பிட ஆட்கள் இருக்கிறார்களா என்று தேடினேன். மூன்று பேர் கிடைத்தார்கள். உயரம்தான் தடை என்பவர்களுக்கு டேவ் வின்ஃபீல்ட். அவரும் ஆறடி ஆறங்குலம், கூடைப்பந்து அணிகளும் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தன. 1973-இல் கல்லூரியிலிருந்து மைனர் லீக்கை மிதிக்காமலே சான் டியாகோ பாட்ரேஸுக்குப் போய் மூவாயிரத்துக்கும் மேல் ஹிட் அடித்தார். அப்போது அவருக்கு வயது 21, மட்டையைக் கீழே வைத்ததே இல்லை. அடுத்து போ ஜாக்சன். அமெரிக்கக் கால்பந்திலிருந்து வந்தவர், 1986-இல் இதே சதர்ன் லீக்கில் மெம்ஃபிஸ் அணிக்கு நேராக இறங்கி 53 ஆட்டத்தில் .277, 7 ஹோம் ரன். ஆனால் அதே ஆண்டு வரை ஆபர்ன் கல்லூரிக்குப் பேஸ்பாலும் ஆடிக்கொண்டிருந்தவர். வேற்று விளையாட்டிலிருந்து வந்தது இவர்களுக்குத் தடையாகவில்லை. இடைவெளிதான் ஜோர்டனிடம் இருந்து இவர்களிடம் இல்லாதது.

மூன்றாமவர்தான் சரியான தராசு. டிம் டீபோ. அமெரிக்கக் கால்பந்தில் பெயர் வாங்கியவர், பள்ளிக்குப் பிறகு பேஸ்பாலைத் தொடாதவர், 29-ஆவது வயதில் 2016-இல் நியூயார்க் மெட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்ட அவுட்ஃபீல்டர். அவரை முறைப்படி கீழ்ப்படியிலிருந்து ஏற்றினார்கள். டபுள்-ஏ வந்தபோது 84 ஆட்டத்தில் .273 அடித்தார், ஜோர்டனைவிட எழுபது புள்ளி அதிகம். அடுத்த ஆண்டு ட்ரிபிள்-ஏயில் .163. மூன்று சீசன், 287 ஆட்டம், அடிவாய்ப்பு ஆயிரத்தை நெருங்கியது. மேஜர் லீக்கில் ஒரு பந்துகூடப் பார்க்காமல் 2021-இல் விடைபெற்றார். ஃபிராங்கோனா கேட்ட ஆயிரம், ஏறக்குறைய அதே நிலைமையில் இருந்த இன்னொருவருக்குக் கிடைத்துப் பார்த்தாயிற்று.

இதை வைத்தே வழக்கை முடித்துவிடலாம், ஆனால் அது நியாயமாகாது. டீபோ டபுள்-ஏயில் மூன்றுக்கு ஒன்றுக்கும் மேலான விகிதத்தில் ஸ்ட்ரைக்அவுட் ஆனவர். ஜோர்டன் நான்குக்கு ஒன்றுக்கும் கீழே. ஜோர்டனின் கண்ணும் கையும் இன்னும் ஒரு படி மேல், கீழ்ப்படிகளில் காலம் கொடுத்து அவரைப் பக்குவப்படுத்தவும் இல்லை. முறையாக ஏற்றியிருந்தால் டபுள்-ஏயில் .240, .250 அடித்திருப்பார் என்பது என் கணிப்பு. பவர் இல்லாமல், பேஸில் பிடிபட்டுக்கொண்டு, ரைட் ஃபீல்டில் பிழை விட்டுக்கொண்டு அடிக்கும் .250. அப்படிப்பட்டவர்கள் ட்ரிபிள்-ஏ பேருந்துகளில் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இங்கேதான் வயது குறுக்கே வருகிறது. அதே 1994-இல், அதே சதர்ன் லீக்கில், ஜாக்சன்வில் அணிக்குச் சில வாரம் ஆடினான் அலெக்ஸ் ரோட்ரிகஸ் என்ற பையன். வயது 18. ஒரு பதினெட்டு வயதுக்காரன் .202 அடித்திருந்தாலும் ஸ்கவுட் பொறுமையாக இரு என்றுதான் எழுதுவார். தோள் இன்னும் விரியும், மணிக்கட்டு பலப்படும், வளைபந்து கண்ணுக்குப் பழகும். இளம் வீரரைப் பற்றிய அறிக்கையில் பாதி இன்றைய ஆட்டம், மீதிப் பாதி நான்கு வருடம் கழித்து வரப்போகும் ஆளைப் பற்றிய ஊகம். ஜோர்டனிடம் அந்த மீதிப் பாதிக்கு இடமில்லை. ஆயிரம் அடிவாய்ப்பு என்றால் இரண்டு முழு சீசனுக்கு மேல். முடியும்போது 33, 34. திறமை ஏறும் கோடும் உடம்பு இறங்கும் கோடும் சந்திக்கும் வயது.

‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ 1994 மார்ச்சில் அட்டையிலேயே அவரை மூட்டை கட்டச் சொன்னது. பேஸ்பாலுக்கே அவமானம் என்றது. ஜோர்டன் அந்தப் பத்திரிகையோடு பேசுவதை அதோடு நிறுத்திவிட்டார். அவமானம் என்ற சொல் அநியாயம். சீசனே தொடங்காத நேரத்தில் எழுதிய தீர்ப்பு அது. வந்து நின்று 127 ஆட்டம் ஆடி, மாதம் 850 டாலர் சம்பளத்துக்குப் பேருந்தில் ஊர் ஊராகப் போனவரைப் பற்றி அப்படி எழுதியிருக்க வேண்டாம். ஆனால் அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு நியாயமான முணுமுணுப்பு இருந்தது. முதலாளி தெரிந்தவர் என்பதால் கிடைத்த இடம் அது. இவர் வராவிட்டால் அந்த 436 அடிவாய்ப்பு வேறு யாரோ ஒரு இருபத்திரண்டு வயதுப் பையனுக்குப் போயிருக்கும். அந்தப் பக்கமும் தராசில் ஏற வேண்டும். மறு தட்டில், அந்த ஆண்டு பாரன்ஸ் மைதானத்துக்கு வந்த கூட்டம் 4,67,867 பேர். ஆனால் டிக்கெட் விற்பனை ஸ்கவுட்டின் வேலை இல்லை.

என் குறிப்பேட்டில் இப்படி இருக்கும். மட்டையில் வாங்குவது 30, கண் நன்று. பவர் 30. ஓட்டம் 55, பேஸ் அறிவு குறைவு. பிடிப்பது 40. எறிவது 40. வயது 31. டபுள்-ஏக்கு மேலே ஏற்றப் பரிந்துரை இல்லை. இதே அறிக்கையில் வயது 20 என்று இருந்தால் கீழ்ப்படிக்கு இறக்கி மூன்று வருடம் காத்திருக்கச் சொல்வேன். முதல் கட்சி சொல்வதுபோல் அது கேலிக்கூத்து இல்லை. இரண்டாம் கட்சி சொல்வதுபோல் பாதியில் நின்றுபோன வெற்றியும் இல்லை.

1995 மார்ச்சில், மேஜர் லீக் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் இழுத்துக்கொண்டிருந்தபோது, ஜோர்டன் பேஸ்பாலை விட்டார். மார்ச் 19 அன்று இண்டியானா அணிக்கு எதிராகக் கூடைப்பந்துக்குத் திரும்பினார். சட்டையில் அதே 45. ஒன்றரை வருடத்துக்கு மேல் விட்டிருந்த சொந்தத் தொழிலில், அன்று அவர் எறிந்த 28-இல் 7 மட்டும் கூடைக்குள் விழுந்தன.